மூன்று நோட்டும் ஒரு படிவமும்

அந்த அருங்காட்சியகத்தின் வாசலிலேயே மூத்திர நாற்றம் அடித்தது. கடலோர ஊர், காற்று வீசு வீசென்று வீசுகிறது. அப்படியும் நாற்றம் அங்கிருந்து நகரவில்லை. டிக்கெட் ஜன்னலை ஒட்டிய சுவரில் யாரும் ஒதுங்கக் கூடாதென்று மூன்று மதத்துச் சாமிகளையும் டைல்ஸில் பதித்திருந்தார்கள். ஒதுங்குகிறவர்கள் சாமிகளைத் தாண்டி நாலடி தள்ளிப் போய் ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தினாள். எழுபத்தொன்பது வயது. தில்லி ஆஸ்பத்திரி வார்டுகளில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். சீழுக்கும் வாந்திக்கும் அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் அவ்வளவு தூரம் போனது அவளுக்காகத்தான். அவளுடைய வலது கண்ணில் பார்வை போய்விட்டது. இடது கண்ணில் நடுப்பகுதி மங்கிவிட்டது, ஓரத்தால்தான் பார்க்கிறாள். எதையாவது பார்க்க வேண்டுமென்றால் தலையைத் திருப்பி, சந்தேகப்படுகிறவள் போலப் பார்ப்பாள். தில்லி துவாரகாவில் எங்கள் வீட்டுக்கு அருகே இருக்கும் கண் டாக்டர், அதுவும் இன்னும் ஒரு வருடம் தாங்கினால் பெரிய விஷயம் என்று ஹிந்தியில் என்னிடம் சொன்னார். அம்மாவுக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அம்மா சொன்னாள்: "அப்பாவுக்க நோட்ட ஒரு தடவ பாத்துருதேன். பெறவு போனாப் போவட்டும்."

அப்பா தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிப்போகும் தோணிக்குத் தலைவர். அம்மாவுக்குத் தில்லியில் வேலை, அவருக்குக் கடலில் வேலை. தென்மேற்குக் காற்று பலத்து, தோணிகளைக் கரையில் கட்டிப்போடும் மாதங்களில் மட்டும் ரயிலேறி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வருவார். வந்தால் கூலருக்கு முன்னால் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். பேசமாட்டார். என்ன சாப்பிட்டீர்கள், உடம்புக்கு என்ன, காற்று எப்படி, எதைக் கேட்டாலும் "எல்லாம் சரிதான்" என்பார். ஆனால் தோணியில் இருக்கும்போது ஒவ்வொரு நாளும் நோட்டில் பென்சிலால் எழுதுவார். அஞ்சாம் வகுப்புப் படிப்பு, கோணல் எழுத்து. அவர் தூங்கும்போது அம்மா அந்த நோட்டை எடுத்து வைத்துப் படிப்பாள். 'வாடைக் காற்று. சோறு குழைந்துவிட்டது. ராத்திரி பல்வலி.' வருடத்தில் எட்டு மாதம் புருஷன் எப்படி இருந்தான் என்பதை அவள் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். அவர் கடிதம் எழுதியதே கிடையாது. மொத்தம் மூன்று நோட்டுகள், ரெக்ஸின் துணியில் சுற்றிவைத்திருந்தாள். அவர் இறந்த பிறகு அவருடைய எழுத்தென்று வீட்டில் இருந்தது அது மட்டும்தான்.

அதைத் தூக்கிக் கொடுத்தது நான்.

குவார்ட்டர்ஸை இடித்துக் கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று எல்லோருக்கும் நோட்டீஸ் வந்த சமயம். துவாரகாவில் வாங்கியிருந்த ஃப்ளாட்டில் இரண்டே அறை. எதை எடுத்துப்போவது, எதைப் பழைய சாமான் எடுக்கும் கபாடிக்குப் போடுவது என்று தினமும் சண்டை. அப்போதுதான் எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த அறிவிப்பு வந்தது. ஊரில் கடல்சார் அருங்காட்சியகம் திறக்கப்போகிறார்கள், பழைய பொருள்கள் தந்து உதவுங்கள் என்று. நான் துள்ளிக் குதித்தேன். அப்பாவின் திசைகாட்டிப் பெட்டியையும் அந்த மூன்று நோட்டுகளையும் கொடுத்துவிடலாம் என்றேன். அம்மா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள், "குடுக்கத்தான் வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அங்க ஏசி ரூம்ல கண்ணாடிக்குள்ள வைப்பாங்கம்மா. நாலு பேர் பாப்பாங்க. இங்க கட்டிலுக்கு அடியில கெடந்து என்ன ஆகப்போகுது? ஜல்தி முடிவு பண்ணும்மா, பேக்கர்ஸ் வந்துருவாங்க."

என்ன ஒரு அவசரம் எனக்கு. இப்போது நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போட வேண்டும் போலிருக்கிறது.

அருங்காட்சியகத்திலிருந்து படிவம் தபாலில் வந்தது. மூன்று பிரதி. மத்திய அரசு மந்திராலயத்தில் இருபத்தோரு வருடம் பேப்பரோடு குப்பை கொட்டியவளுக்குப் படிவம் ஒரு பொருட்டா? ஒரே மூச்சில் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, பதவி முத்திரையும் குத்தி, பொருள்களோடு அனுப்பினேன். பொருள்கள் கிடைத்ததாகக் கடித எண், முத்திரை சகிதம் ரசீது வந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்து, "பாத்தியா, எல்லாம் பக்கா" என்றேன். ரசீதைக்கூட இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். நோட்டில் ஒரு பக்கத்தைக்கூட ஜெராக்ஸ் எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

ஏழு வருடம் கழித்து, எல்.டி.சி. போட்டு, ஆபீஸ் தரும் அந்தப் பயணச் சலுகையில் அம்மாவை விமானத்தில் ஏற்றி, மதுரையில் இறக்கி, வாடகைக் காரில் அந்த வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

உள்ளே வாசலைவிட மோசம். முதல் கூடத்தில் ஒரு திமிங்கல எலும்புக்கூடு. அதன் விலா எலும்புகளுக்கு நடுவே சிப்ஸ் பாக்கெட்டுகளும் ஜூஸ் டப்பாக்களும் கிடந்தன. தாடை எலும்பில் ஒரு காதல் ஜோடி தங்கள் பெயர்களைச் சாவியால் கீறி, சுற்றி இதயமும் போட்டிருந்தது. அடுத்து ஒரு அலமாரி நிறைய கண்ணாடி ஜாடிகள். ஃபார்மலின் வற்றிப் பாதியாகி, மேல் பாதி காற்றிலும் கீழ்ப் பாதி மஞ்சள் தண்ணீரிலுமாக விலாங்கு மீன்கள் உரிந்துகொண்டிருந்தன. ஒன்றின் கண் தனியாகக் கழன்று அடியில் கிடந்தது. எனக்கு அன்று காலையில் சாப்பிட்ட இட்லி தொண்டைக்கு வந்தது.

மீனவர் வாழ்க்கை என்று ஒரு மூலை. துணிக்கடை பொம்மை ஒன்றுக்கு லுங்கி கட்டி, கையில் வலையைக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ரோஸ் நிற உடம்பு, நீலக் கண், சிவந்த உதடு. அந்த ஊரில் அப்படி ஒரு மீனவர் இருந்தால் ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருக்கும். பொம்மையின் காலடியில் வெற்றிலை எச்சில், பழையதும் புதியதுமாக. யாரோ தினமும் அங்கே வந்து துப்புகிறார்கள். அந்த மூலைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெண் செல்போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளைக் கடந்து போனபோது காலை மட்டும் மடக்கிக்கொண்டாள்.

"நோட்டு வந்துட்டா?" என்று அம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாள்.

திசைகாட்டி வந்தது. கடைசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், கிழிந்த நைலான் வலை மேல் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த திரவம் வற்றிவிட்டது. முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பக்கத்தில் ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து செத்துக் கிடந்தது. அட்டையில் 'பிரிட்டிஷ் காலக் கப்பல் திசைகாட்டி' என்று இருந்தது. அப்பா அதை வாங்கியது துறைமுகத்துப் பழைய சாமான் கடையில், நான் பத்தாவது படிக்கும்போது. அவர் பெயர் எங்கும் இல்லை. நான் செல்போன் டார்ச்சைப் பிடிக்க, அம்மா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும். நோட்டு எங்கட்டி?"

அந்த அறையில் நோட்டு இல்லை. வேறெந்த அறையிலும் இல்லை. சீரியல் பெண்ணிடம் கேட்டேன். "ஆபீஸ்ல கேளுங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் விரல்களில் மிக்சர் எண்ணெய் பளபளத்தது.

காப்பாட்சியர் இளைஞர், முப்பது வயதுகூட இருக்காது. அந்தக் கட்டிடத்திலேயே சுத்தமாக இருந்தது அவர் அறை ஒன்றுதான். அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். நான் அந்த மரியாதையைப் பெற்றுக்கொண்டு அவர் மேல் பாய்ந்தேன். தில்லியிலிருந்து வருகிறோம் என்றேன். எந்த மந்திராலயம், என்ன பதவி என்று கேட்காததையும் சொன்னேன். ஆர்.டி.ஐ. போடுவேன் என்றேன். ஜெராக்ஸ் எடுத்த ரசீதை மேஜையில் தட்டி வைத்தேன். என் ஆபீஸுக்கு இப்படி வந்து கத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அன்று அச்சு அசலாக அவர்களைப் போலவே கத்தினேன்.

அவர் எழுந்துபோய்ப் பதிவேட்டை எடுத்துவந்தார். பக்கம் புரட்டி, விரல் வைத்துப் படித்தார். "குறிப்பு நோட்டு மூணு. தண்ணி பட்டது, பென்சில் எழுத்து, காட்சிக்கு உகந்ததல்ல. நாலு வருஷம் முன்னாடி கமிட்டி போட்டு, வேண்டாத காகிதத்தோட சேத்துக் கழிச்சிருக்காங்க மேடம். எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல."

"கழிச்சிருக்காங்கன்னா?"

"கூழ் அரைக்கிற மில்லுக்குப் போயிருக்கும்."

"கேக்காம எப்படி அனுப்புவீங்க? திருப்பி அனுப்பியிருக்கலாமே? எங்க அட்ரஸ் இருக்கே உங்ககிட்ட?"

"நான் உங்ககிட்ட சண்டைக்கு வரல மேடம். இதை நீங்களே பாருங்க."

ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார். அப்படி ஒரு கோப்பை எங்கள் மந்திராலயத்தில்கூட நான் பார்த்ததில்லை. டேக் போட்டு, பக்க எண் போட்டு, ஒரு மடிப்பில்லை, ஒரு கறையில்லை. வெளியே எலும்பில் சிப்ஸ் பாக்கெட் கிடக்கிறது, மீன் கண் கழன்று கிடக்கிறது, என் படிவம் மட்டும் நேற்றுப் போட்டது போல் இருந்தது. எட்டாவது கட்டம்: 'காட்சிக்கு வைக்க இயலாத பொருளைத் திரும்பப் பெற விருப்பமா?' பக்கத்தில் என் எழுத்தில், 'இல்லை.' ஒன்பதாவது கட்டம்: 'வேறு நிபந்தனைகள்.' அதற்கும் 'இல்லை.'

நான் அதை யோசித்து எழுதவில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் செக்ஷனில் சொல்லிக்கொடுத்த பாடம், கட்டத்தைக் காலியாக விடாதே என்பது. காலியாக விட்டால் பேப்பர் திரும்பி வரும், ஒரு மாதம் போகும். தெரிந்ததை எழுது, மற்ற எல்லாவற்றிலும் 'இல்லை' போட்டுத் தள்ளு. இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். அன்று பேக்கர்ஸ் வாசலில் நிற்க, அட்டைப்பெட்டி மேல் படிவத்தை வைத்து, கேள்வியைப் படிக்காமலே மூன்று பிரதியிலும் 'இல்லை, இல்லை' என்று எழுதினேன். ஒரு பிரதியிலாவது கண் தவறிக் காலியாக விட்டிருக்கலாம். பேப்பர் திரும்பி வந்திருக்கும்.

அந்த எச்சிலையும் ஜாடியையும் பார்த்தபோது வந்த அருவருப்பெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அந்த 'இல்லை'யைப் பார்க்க எனக்குக் குமட்டியது. எவ்வளவு திருத்தமாக எழுதியிருக்கிறேன், அடியில் முத்திரை வேறு.

"என்ன போட்டுருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

காப்பாட்சியர் என்னைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார். அம்மா கையை நீட்டினாள். அவர் கோப்பைத் திறந்தபடியே அவள் மடியில் வைத்தார். அவள் அதை முகத்துக்கு அருகே தூக்கி, தலையை வலது பக்கமாகத் திருப்பி, இடது கண்ணின் ஓரத்தால் படிக்கத் தொடங்கினாள். அப்பாவின் நோட்டை வைத்துக்கொண்டு படிக்க வேண்டுமென்றுதான் அவள் வந்திருந்தாள். ஒவ்வொரு கட்டமாக, பெயர், முகவரி, பொருள்களின் விவரம் என்று உதடு அசையப் படித்துக்கொண்டே கீழே வந்தாள். எட்டாவது கட்டத்தில் நின்றாள். ஒன்பதாவதிலும் நின்றாள். என் கையெழுத்து வரை போனாள்.

"நல்லாத் தெரியுது" என்றாள். "ஒவ்வொரு எழுத்தும் தெரியுது."

நான் கோப்பை வாங்கக் கையை நீட்டினேன். அவள் என்னிடம் கொடுக்கவில்லை. மேஜைப் பக்கம் குனிந்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, காப்பாட்சியருக்கு முன்னால் வைத்தாள்.

"பத்திரமா வைங்க தம்பி" என்றாள். "எம்மவ எழுதினது."