பேனலுக்கு வைத்த பொட்டு

நாகஜோதி எங்கே போய் நின்றாலும் முதலில் நிழலைப் பார்ப்பாள். ஒதுங்கி நிற்பதற்காக அல்ல. அது எந்தப் பக்கம் நகரப் போகிறது என்று பார்ப்பாள். அவள் எரியோட்டுக்கு வாக்கப்பட்டு வந்த காலத்திலிருந்து தெருவில் எல்லோரும் இதைக் கவனித்திருக்கிறார்கள். மாடியில் வத்தல் காயப்போட்டால், பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் வந்து தொடுவதற்கு முன்பே பழைய சேலையின் முனையைப் பிடித்து இழுத்துத் தள்ளிப் போட்டிருப்பாள். மிளகாய் காயவைக்கிற பெண்கள், "ஜோதி, இந்த இடத்துல எம்புட்டு நேரம் வெயில் நிக்கும்?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சாக்கை விரிப்பார்கள். பேசக் கூச்சப்பட்டு அவள் கையால் காட்டுவாள்.

இத்தனைக்கும் அவள் பிழைப்பு வெயிலே படாத பிழைப்பு. ஒன்பதாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு நூல் மில்தான். பெரும்பாலும் நைட் ஷிப்ட். காலையில் தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வந்தால் கண் கூசும்.

அந்த மில் கூரையில் ஒருநாள் சோலார் பேனல் ஏற்றினார்கள். ஏற்ற வந்தவர்களில் ஒரு பெண்ணும் இருந்தாள். இடுப்பில் பட்டைக் கயிறு, தலையில் மஞ்சள் தொப்பி. கூரை விளிம்பில் அவள் சாவகாசமாக நடந்ததை நாகஜோதி கையிலிருந்த டீ ஆறும்வரை பார்த்தாள். பிறகு யார் யாரிடமோ விசாரித்து, திண்டுக்கல்லில் இந்த வேலைக்கு வகுப்பு எடுக்கிறார்கள், பத்தாவது முடிக்காதவர்களும் சேரலாம், ஆனால் முழுச் சான்றிதழ் வேண்டுமென்றால் தனியாகப் பத்தாவது எழுதிப் பாஸாக வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். அவள் கணவன் பிரபு காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். "வெயில்ல நிக்கிறதுக்கும் படிக்கணுமாக்கும்" என்று சிரித்தான். ஆனாலும் முதல் நாள் பஸ் ஏற்றிவிட அவனேதான் வந்தான்.

முதல் வகுப்பிலேயே ஒரு வேடிக்கை காட்டினார்கள். பாடம் நடத்திய மஹ்ஜபீன் அவளைவிட வயதில் சின்னவள். முற்றத்தில் ஒரு சின்னப் பேனலை வைத்து, அதில் ஒரு குட்டி விசிறியை இணைத்திருந்தாள். விசிறி சுற்றியது. நாகஜோதியைக் கூப்பிட்டுப் பேனலின் ஒரு ஓரத்தில் உள்ளங்கையை வைக்கச் சொன்னாள். வைத்தாள். விசிறி நின்றது. மூடியது ஒரு மூலையைத்தான். பாக்கி அத்தனையிலும் வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"இதுக்குள்ள எல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கோத்திருக்குக்கா. வாய்க்கால்ல ஒரு இடத்துல மண்ணு சரிஞ்சா கடைசி வயலுக்குத் தண்ணி போகுமா? அப்படித்தான்" என்றாள் மஹ்ஜபீன்.

அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் நாகஜோதி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மற்றதெல்லாம் அவ்வளவு லேசாக வரவில்லை. மீட்டரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கள் அவளை மிரட்டின. மின்சாரத்தின் அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு என்பது மண்டையில் ஏற நாளானது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவது வத்தல் போட்ட காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாய்வுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கை வைத்துப் பேனலைத் தாங்கும் இரும்புக் காலை எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது என்று சொல்லிவிடலாம் என்று தெரிந்தபோது அவளுக்குப் புல்லரித்தது.

வகுப்பு முடிந்ததும் மிக்கேல்ராஜ் நடத்தும் சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். தோட்டங்களுக்குச் சோலார் மோட்டார் மாட்டித் தருகிற கம்பெனி அது. மிக்கேல்ராஜ் கறாரான ஆள். தனியாக ஒரு தோட்டத்தைக் கொடுப்பேன், தீபாவளிவரை குறை ஒன்றும் வராவிட்டால் வேலை நிலைக்கும், வந்தால் மில்லுக்கே போய்க்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

அந்தத் தோட்டம் அகரத்தில் நாச்சிமுத்துவுடையது. மல்லிகையும் கத்தரியும் போட்டிருந்தார். நாகஜோதி பேனல்களை மாட்டி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஒயரைக் கோத்து, சுவிட்சைப் போட்டாள். டீசல் இன்ஜின் சத்தமில்லை. கம்பத்திலிருந்து கரண்டும் இல்லை. தண்ணீர் குழாய் வாய் நிறைய வந்து தொட்டியில் விழுந்தது. சூரியனை ஒரு மேகம் கடந்தபோது அந்தத் தண்ணீர் மெல்லக் குனிந்தது. மேகம் விலகியதும் நிமிர்ந்தது. வானத்தில் நடப்பது தொட்டியில் தெரிந்தது. தன் கை கோத்த ஒயர்தான் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது என்று நினைத்தபடி அவள் தொட்டித் தண்ணீரில் கையை நனைத்தாள்.

நாச்சிமுத்துவின் மனைவி ஒச்சம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பேனலுக்கு முதல் பொட்டை நாகஜோதியே வைத்தாள். ஆயுத பூஜைக்கு எல்லாப் பேனலுக்கும் வைக்கலாமா என்று ஒச்சம்மாள் கேட்டதற்கு, தாராளமாக வையுங்கள் என்றாள். மில்லில் எத்தனை ஆயுத பூஜைக்கு அவள் இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்திருக்கிறாள்.

பூஜை முடிந்த மறுவாரம் நாச்சிமுத்து கம்பெனிக்குப் போன் செய்தார். மிக்கேல்ராஜ் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

"மாட்டுன அன்னைக்குத் தண்ணி மாட்டு வாலு கணக்கா விழுந்துச்சு. இப்ப ஆட்டு வாலு. பூவு வாடுது, பாரு" என்றார் நாச்சிமுத்து. பெண்பிள்ளை மாட்டியதால்தான் இப்படி என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பேசுவதையும் மறைக்காமல் சொன்னார்.

நாகஜோதி பேனல்களுக்கு அடியில் புகுந்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தாள். எதுவும் தளரவில்லை. மீட்டரை வைத்தாள். அழுத்தம் சரியாக இருந்தது. ஓட்டம்தான் பாதிக்குப் பாதி. பழக்கம்போல நிழலைத் தேடினாள். மரம் இல்லை, கம்பம் இல்லை. மிக்கேல்ராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் அவள் பேனல்களை நேராகப் பார்த்தாள். ஒவ்வொன்றின் குறுக்கிலும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, நான்கு விரலால் இழுத்த திருநீற்றுப் பட்டை. அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாகிக் கிடந்தன. தண்ணீர் குறையக் குறைய, கண் பட்டுவிட்டது என்று பயந்து ஒச்சம்மாள் தினமும் அதன்மேலேயே பூசி வந்திருக்கிறார். நிழல் என்றால் எங்கிருந்தோ வந்து விழுவது என்றுதான் நாகஜோதி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அன்று வகுப்பில் வைத்த உள்ளங்கையைப் போல, கையால் வைக்கிற பொட்டும் நிழல்தான் என்று தோன்றவே இல்லை.

"சார், நாந்தான் மொதப் பொட்டு வச்சேன். எல்லாத்துக்கும் வைக்கச் சொன்னதும் நாந்தான்" என்றாள். கழுவினால் சரியாகிவிடும் என்றும் சொன்னாள்.

ஒச்சம்மாள் பேனலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "வச்ச பொட்ட அழிக்கச் சொல்றியா? இந்த மனுசன் குத்துக்கல்லு கணக்கா நிக்கையில? உன் வீட்டுல அழிப்பியாத்தா?"

நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு வரப்புப் பக்கம் நகர்ந்தார். நாகஜோதி ஒச்சம்மாளின் பக்கத்தில் போனாள்.

"அழிக்க வேணாம் அத்தே. வெள்ளிக்கிழம தலைக்கு ஊத்துறோம், நெத்தியில இருக்கது போகுது. அத அழிச்சம்னா சொல்றோம்? குளிச்சிட்டுப் புதுசா வைக்கிறோம். இதுகளையும் குளிப்பாட்டுவோம். குளிப்பாட்டி, கால்ல வைப்போம்."

"கால்லயா?"

"சாமிக்குப் பாதத்துல வைக்கிறதில்லையா?"

ஒச்சம்மாள் இரும்புக் கால்களை ஒரு பார்வை பார்த்தார். "மஞ்சத்தண்ணி ஊத்தலாமா?"

"வெறுந்தண்ணி போதும் அத்தே."

கண்ணாடி சூட்டோடு இருந்தது. அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். மறுநாள் வெள்ளிக்கிழமைதான். நாகஜோதி முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். ஒச்சம்மாள் ஊற்ற, அவள் மெல்லிய துணியால் துடைத்தாள். பட்டை கரைந்து வழிந்தது. கண்ணாடி சுடுவதற்கு முன்பே, இளவெயில் விழுந்ததும் சுவிட்சைப் போட்டார்கள். பாதிப் பேனல்களைக் கழுவி முடித்தும் தண்ணீரில் பெரிய மாற்றமில்லை. ஆனாலும் நிறுத்தாமல் துடைத்துக்கொண்டே போனாள். கடைசிப் பேனலில் இருந்த பட்டையும் போனது. குழாய் ஒருமுறை இருமியது. பிறகு தண்ணீர் எழும்பி, தொட்டியின் நடுவில் போய் விழுந்தது.

ஒச்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாகஜோதிக்கும் கும்பிடத் தோன்றியது. வெயிலையா, தண்ணீரையா என்று தெரியாமல் ஈரத் துணியோடு நின்றாள்.

பிறகு வந்து பார்த்த மிக்கேல்ராஜ் பாராட்டவில்லை. இனிமேல் தோட்டத்தை ஒப்படைக்கும்போது பொட்டு வைக்கிற இடத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரவேண்டும் என்றார். அவள் திருப்பித் தந்த மீட்டரை வாங்கவில்லை.

"நீயே வச்சுக்கம்மா. அடுத்து அய்யலூர் பக்கம் ஒரு தோட்டம் இருக்கு."

இப்போது அந்தக் கம்பெனி போட்ட தோட்டங்களில் பெரும்பாலானவற்றை நாகஜோதிதான் கவனித்துக்கொள்கிறாள். அகரத்தில் ஒச்சம்மாள் வெள்ளிதோறும் விடியலில் பேனல்களைக் குளிப்பாட்டுகிறார்; இரும்புக் கால்களில் பொட்டு இருக்கிறது. எரியோட்டு மாடியில் வத்தலைத் தள்ளிப் போட ஆள் இல்லாததால் அதில் மதியமே நிழல் விழுந்துவிடுகிறது. முழுச் சான்றிதழுக்காக எழுதிய பத்தாவதில் மற்றதெல்லாம் பாஸ். கணக்கு மட்டும் பாக்கி இருக்கிறது.