ஏட்டு போட்ட சாட்சிக் கையெழுத்து

எழுபதுகளில் மட்டாஞ்சேரியில் அரிசி மூட்டை சுமந்துகொண்டிருந்தபோது அந்தப் போலீஸ் ஏட்டைச் சந்தித்தேன். மெலிந்த மனிதர், நரைத்த மீசை. எதை எழுதினாலும் உரக்க வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துக் கேட்பார்.

திருடன் என்று சந்தேகப்பட்டு என் தம்பியை ஸ்டேஷனில் வைத்து எஸ்.ஐ. அடித்துவிட்டார். தமிழ்ச் சுமட்டுக்காரர்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டோம். சிலர் கையில் கல் இருந்தது. ஏட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

“கல்லைக் கீழே போடச் சொல்லு. பராதி ஞான் எழுதித் தராம்.”

எனக்கு மலையாளம் எழுதத் தெரியாது. புகாரை அவரே எழுதி வாசித்துக் காட்டினார். சாட்சியாகத் தன் கையெழுத்தையும் போட்டார். கூட்டம் கலைந்தது.

மேலதிகாரி விசாரிக்க வந்த அன்று தம்பி பயந்துபோய், படியில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டான். நானும் வாயைத் திறக்கவில்லை. ஏட்டு மட்டும், “அடிச்சது ஞான் கண்டதாணு, சாரே” என்றார்.

அடுத்த வாரமே அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவரிடம் போய், “மன்னிச்சிருங்க சார்” என்றேன்.

“சாரமில்லடோ, பரவாயில்ல. நீங்க இங்கதானே ஜீவிக்கணும்” என்றார்.

அந்தக் குரலில் கோபமே இல்லை. அவரும் எங்கேயாவது பிழைத்தாக வேண்டுமே என்பது அன்று எனக்குத் தோன்றவேயில்லை.