வெள்ளைப் பக்கம் வெளியே

தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே, நமுனுகுல போகும் பாதை வளைவில் இருந்த பழைய பங்களாவில், ஓர் அமெரிக்கப் பெண்மணி ஆறு மாதம் வாடகைக்கு இருந்தார். கதை எழுதுகிறவராம். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் துரைசாணிதான். அம்மா அங்கே கூட்டிப் பெருக்கிச் சமைத்துக் கொடுக்கப் போவாள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கே போய்விடுவேன்.

அவர் எழுதிய அழகைப் பார்த்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும். படம் வரைகிற பெரிய தாள்களில், வரிகளைச் சாய்த்தும் வளைத்தும் கையால் எழுதி, அறை முழுக்கத் தரையில் பரப்பி வைத்திருப்பார். பக்க எண்ணே கிடையாது. எந்தத் தாளை எடுத்தாலும் கதை அங்கிருந்து தொடங்கும் என்று அரைகுறைத் தமிழில் எனக்கு விளக்கினார். பல வருடமாக எழுதியும் அவர் ஊரில் யாரும் அதை அச்சுப்போட முன்வரவில்லையாம்.

"எப்படிப் போடுவாங்க? தரையக் கூட்டவே வழியில்ல," என்று அம்மா முணுமுணுத்தாள்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது புதுக் கொப்பிகளுக்கு உறை போட வேண்டும். வீட்டிலிருந்த பழைய காகிதமெல்லாம் தீர்ந்து, கணக்குக் கொப்பி மட்டும் மிஞ்சியது. உறை இல்லாவிட்டால் டீச்சர் வெளியே நிற்க வைப்பார். எண் போடாத தாளில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஓரத்தில் கிடந்த ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எழுத்து உள்ளே, வெள்ளை வெளியே. வகுப்பிலேயே அழகான உறை என்னுடையதுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாளே துரைசாணி தரையில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். காற்றில் பறந்திருக்கும் என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் இறங்கினாள். அட்டை கடிக்கக் கடிக்க இரண்டு நாள் தேடினோம். நானும் தேடினேன், வெட்கமில்லாமல்!

மூன்றாம் நாள், "உங்க மகள்... தெரியாமல்..." என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. என் பையைப் பறித்து அவர் முன்னால் அப்படியே கொட்டினாள். "நல்லா பாத்துக்கங்க தொரசாணி. எம்புள்ள அடுத்தவங்க பொருள தொடமாட்டா. மாரியம்மா சத்தியம்!"

கணக்குக் கொப்பி அவர் காலடியில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, கொப்பிகளை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க," என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாடா, தப்பித்தோம் என்றிருந்தது எனக்கு. அடுத்த மாதம் அவர் போய்விட்டார். வருடம் முடிந்ததும் அந்தக் கொப்பி, பண்டாரவளை ஸ்டேஷனில் வடை சுற்றிக் கொடுக்கிறவரிடம் போனது.

போன வருடம் அவர் பெயரை ஃபோனில் தேடினேன். எங்கோ ஒரு மூலையில் நாலே வரி. இறந்துவிட்டார். ஆயுள் முழுக்க எழுதிய புத்தகத்தில் ஒரு தாள் தொலைந்ததால், அது முழுமையாகாது என்று, பின்னாளில் கேட்டவர்களுக்கும் கடைசிவரை அச்சுக்குக் கொடுக்கவில்லையாம். எங்கே தொலைந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லையாம்.

"தொரசாணியே எங்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சு," என்று அம்மா இன்றும் என் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறப்பதில்லை. எழுத்தை உள்ளே மடித்துவிட்டால் போதும் என்று நினைத்த வயது அது. எந்தப் பக்கம் மடித்தாலும் எழுதியவருக்குத் தன் தாள் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.