மீசை முளைத்த கெளுத்தி

எங்கள் வீட்டுக் கூடத்தில், முக்காலியின் மேல் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த சித்தப்பா, கழித்துப் போட்ட பாட்டரியின் கண்ணாடிப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்து, வாடை போகும்வரை கழுவி, மணல் பரப்பி, நெமிலிச்சேரி ஏரியில் பிடித்த கெளுத்தி ஒன்றை விட்டிருந்தார். கூடவே அயிரைகளும் உண்டு. கெளுத்தி அவற்றை ஒன்றும் செய்யாது. அடிமணலில் வயிற்றை வைத்து, மீசையை மட்டும் அசைத்துக்கொண்டு கிடக்கும். ஒரு பக்க மீசை பாதியில் அறுந்திருந்தது. கண்ணை மூடவே மூடாது.

பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் புறப்பட்ட அன்று சித்தப்பா தொட்டியைத் தட்டி, "இது கீற வரைக்கும் நானும் கீறேன்னு வச்சுக்கோங்க" என்று சிரித்தார். சில மாதங்களில் அவரிடமிருந்து தகவல் நின்றுபோனது. விளையாட்டாய்ச் சொன்னதை அத்தை பிடித்துக்கொண்டாள். கணவனை இழந்து எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா அவள்; வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"அது பூட்ச்சின்னா அவனும் பூட்டான். அப்பால இவளுக்குப் பொட்டு இன்னாத்துக்கு?" என்று சித்தப்பாவின் மனைவியைக் காட்டிச் சொல்வாள்.

தினமும் காலையில் அத்தை குனிந்து பார்ப்பாள். மீன் அசைந்து, அவள் தலையாட்டிய பிறகே சித்தி குங்குமத்தைத் தொடுவாள்.

ஒரு மத்தியானம், எல்லோரும் தூங்கும்போது எனக்கு மட்டும் விழிப்புத் தட்டியது. தொட்டியிலிருந்து புழக்கடைக் கதவுவரை ஈரக் காலடிகள். சேற்று வாடை. தொட்டித் தண்ணீர் கலங்கியிருந்தது. உள்ளேயிருந்து ஏதோ எழுந்து வெளியே போயிருக்கிறது என்றே நினைத்தேன். சித்தி ஏரிக்குப் போய் வந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் தண்ணீர் தெளிந்திருந்தது. கெளுத்திக்கு இரண்டு பக்கமும் முழு மீசை.

"அத்தே, மீசை மொளைச்சிகினு கீது!"

குனிந்திருந்த அத்தை நிமிரவில்லை. சித்தி அடுப்பங்கரை வாசலில் நின்றாள். வலது கை வீங்கி, மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. குளவி கொட்டியதாம்.

"மீசைன்னா மொளைக்காதாடா? உங்க நைனா வாராவாரம் செரைச்சிகினு வர்றாரே, மொளைக்கல?"

"மீனு ஒடம்பு எளைச்சிடுச்சே சித்தி?"

"அவரு மட்டும் அங்க கொழுத்தா கீறாரு?"

அத்தை மெல்ல நிமிர்ந்தாள். மீனைப் பார்க்கவில்லை, சித்தியின் கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். வீங்கிய விரலால் சித்தி பொட்டு வைத்துக்கொண்டாள். கெளுத்தியின் முள் குத்தினால் அப்படித்தான் வீங்கும் என்று நான் அறிந்தது பெரியவனான பிறகு.

அன்று முதல் கூடத்தில் தனியே இருக்க மாட்டேன். அந்தத் தொட்டிக்குள் கை விடுகிறவள் சித்தி ஒருத்திதான். ஆகவே வீட்டில் பயமே இல்லாதவள் அவள்தான் என்று எண்ணி, மத்தியானங்களில் அவளை ஒட்டிப் படுத்துக்கொள்வேன். வெளியே வெயில் கொளுத்தும். அவள் உடம்பு நடுங்கும். குளிர்கிறதாக்கும் என்று போர்வையை இழுத்து அவள்மேல் போடுவேன்.