அருமனை அசனத்தில் நான் விட்டு எழுந்த இலை

கல்லூரித் தோழி ஜாய்ஸ் குமரி மாவட்டம் அருமனையில் டீச்சர். பத்து வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "எங்க சபை அசனத்துக்கு ஒரு தடவையாவது வா." அசனம் என்றால் தேவாலயத்தில் ஊரே உட்கார்ந்து உண்ணும் விருந்து. கடந்த மே மாதம் ஒரு வழியாகக் கிளம்பினேன். முதல் நாள் மாலை கடலோரத்து வட்டக்கோட்டை. அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். காற்றுக்காகவே போகலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை 9.10க்கு நாகர்கோவிலில் பேருந்து, 10.25க்கு மார்த்தாண்டம். அங்கிருந்து அருமனைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 280 ரூபாய். இருபுறமும் ரப்பர் தோட்டம், நல்ல நிழல்.

"அசனத்துக்கா, அக்கா? முதல் பந்தியிலயே இருந்துருங்க. ரெண்டாம் பந்திக்குப் பருப்பு தண்ணியாயிரும்" என்றார் ஓட்டுநர்.

"நீங்களும் அந்தச் சபையா?"

"நான் கிறிஸ்தவன் இல்ல, அய்யாவழி. ஆனா பாயசத்துக்கு வருசா வருசம் உண்டு."

11.40க்கு முதல் பந்தி. அறுபது இலை. இங்கே ஒரு வழக்கம்: ஒவ்வொரு இலைக்கும் ஆள் உட்கார்ந்த பிறகுதான் போதகர் ஜெபிப்பார். அதுவரை ஒரு பருக்கை விளம்ப மாட்டார்கள். (பரிமாறுவதை இங்கே விளம்புவது என்பார்கள்.)

ஓரமாகத் தனியே இருந்த ஒரு பெண்ணின் அருகில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குள் ஜாய்ஸ் வந்து என் காதருகே குனிந்தாள்.

"ஏட்டி, அங்கயா இருக்க? அவ சாந்தி. புருசன விட்டுட்டு வேற ஒருத்தன்கூட போனவ. எட்டு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் கோயிலுக்கு வந்திருக்கா."

ஜாய்ஸின் பேச்சைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் நான் கைப்பேசியைக் காதில் வைத்தேன். யாரோ அழைத்ததுபோல எழுந்து வெளியே போய் நின்றேன். யாரும் அழைக்கவில்லை.

அங்கிருந்து பார்த்தேன். என் இலையோடு சேர்த்து அந்த ஓரத்தில் நான்கு இலைகள் காலி. பந்தலைச் சுற்றி முப்பது நாற்பது பேர் பசியோடு நிற்கிறார்கள், ஒருவரும் நகரவில்லை. போதகர் காத்திருந்தார். சாந்தி தலை குனிந்து தண்ணீர் தெளித்துத் துடைத்த இலையையே மறுபடி மறுபடி துடைத்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றினார். எழப்போகிறார் என்று புரிந்தது. எழுந்தால் இனி இந்த வாசலுக்கு வரமாட்டார் என்பதும்.

அப்போது சோற்று வாளியோடு நின்ற ஒரு பெண், வாளியைத் தரையில் வைத்தாள். பெயர் மேரி. சாந்தி விட்டுப்போன கணவனுக்குத் தங்கை என்று பிறகு அறிந்தேன். நேராகப் போய் என் இலையின் முன் உட்கார்ந்தாள்.

"மைனி, கொஞ்சம் நீங்கி இரிங்க. காலையில இருந்து அடுப்படியில நின்னு பசி தாங்கல."

பிறகு நின்றவர்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? வந்து இரிங்க, சோறு ஆறுது. ஜாய்ஸ் டீச்சர், வாயால விளம்புனது போதும், வாளிய எடுங்க" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். முதலில் வந்து உட்கார்ந்தவர் என்னைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோ ஓட்டுநர். மற்ற இரண்டு இலைகளும் நிறைந்தன. ஜெபம் முடிந்ததும் ஜாய்ஸ் வாளியோடு வந்து சாந்தியின் இலையில் சோறு வைத்தாள். "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டதும் என் காதில் விழுந்தது.

பிற்பாடு கை கழுவும் இடத்தில் மேரியிடம் கேட்டேன்: "உங்கள் அண்ணனுக்கு வருத்தமாக இருக்காதா?"

"அவனுக்கும் உண்டு, எனக்கும் உண்டுக்கா. அதெல்லாம் இலைக்கு முன்னால இருக்கவகிட்ட போயா கேப்பாங்க?"

சிறு வயதிலிருந்து நான் கேட்ட பிரசங்கங்கள் பல. அவள் வாளியைக் கீழே வைத்த சத்தம்தான் இப்போது காதில் நிற்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: அசன நாள் சபைக்குச் சபை மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். யாரும் சாப்பிடலாம், கட்டணம் இல்லை. பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். கிடைத்த இடத்தில் உட்காருங்கள். பக்கத்தில் யார் என்று தெரிந்த பிறகும் எழாதீர்கள்.

நான் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டேன். பருப்பு தண்ணீராகத்தான் இருந்தது.