ஆட்டுக் கொட்டகையில் நான் விட்ட சந்து

மைசூரில் ஹெப்பாள் பக்கம் ஆட்டுக் கொட்டகை போட்டுக் கொடுப்பது என் வேலை. கௌதள்ளியிலிருந்து வந்து குடியேறிய செல்லம்மாவுக்கு, ஆடுகள் தரைக்கு மேலே கட்டைத் தளத்தில் நிற்கும் பரண் கொட்டகையும் சுற்றிக் கம்பி வேலியும் போட்டேன். புழுக்கை கீழே விழ, பரணில் கட்டைகளுக்கு நடுவே விரல் அகலம் சந்து விட வேண்டும். கடைசியில் நாலு கட்டை குறைந்தது. மறுபடி கடைக்குப் போகச் சோம்பல். சந்துகளை அகலமாக்கிச் சமாளித்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து வேலிக் கதவைச் சரிசெய்யப் போனேன். செல்லம்மா மடியில் ஒரு குட்டி. சந்தில் மாட்டி அதன் முன்னங்கால் முறிந்திருந்தது.

“உங்க மேல தப்பில்லீங்ண்ணா. பச்சக் குட்டிய நாந்தான் மேல ஏத்திப்போட்டேன். ‘உனக்கெல்லாம் ஆடு ஒரு கேடா, எல்லாத்தையும் வித்துப்போடு’ன்னு எங்கூட்டுக்காரரு வையறாருங்” என்றார்.

கட்டை குறைந்ததை அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

“ஆமாம்மா, பாத்து ஏத்தியிருக்கோணும்” என்றேன்.

அவர் தலைகுனிந்து குட்டியின் காதைத் தடவினார்.

மறுநாள் நாலு கட்டையோடு போய் அந்தச் சந்துகளை அடைத்தேன். “சொல்லாமயே வந்து செஞ்சு குடுக்கறீங்க, நல்ல மனசுங்ண்ணா” என்று காப்பி கொடுத்தார். குடித்தேன்.

ஆடுகளை அவர் விற்கவில்லை. குட்டியும் பிழைத்துவிட்டது, நொண்டுகிறது. ஆனால் அந்த வீட்டில் இன்றும் தப்புச் செய்தவர் அவர். நான் நல்ல மனசுக்காரன்.