கீழ் அடுக்கா, மேல் அடுக்கா

தூரிகையை எடுத்ததும் பல்லக்கா அதன் நுனியைக் கீழுதட்டில் ஒருமுறை தொட்டுக்கொள்வாள். அந்த அளவு ஈரம்தான் வேண்டும். கூடினால் பல் தூரிகையிலேயே ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் தெறித்துத் தரைக்குப் போய்விடும். தரைக்குப் போனது போனதுதான். சலித்துக் காயவைத்த மண்ணை உருப்பெருக்கிக்கு அடியில் தள்ளித் தள்ளி, டைனோசர்களின் காலடியில் ஒளிந்து பிழைத்த எலியளவுப் பாலூட்டிகளின் பற்களைப் பொறுக்குவது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. எள்ளில் பாதி இருக்கும் ஒவ்வொன்றும். ஆய்வகத்தில் அவளுக்கு வேறு பெயர் இருப்பதே பலருக்கு மறந்துவிட்டது.

ஒருமுறை கிடைத்த கடைவாய்ப்பல்லில் மூன்று மேடுகள், பக்கத்தில் ஒரு பள்ளம்; மேல்பல் உலக்கை போல வந்து இறங்கும் உரல். அது கீழ் அடுக்கு மண்ணில் இருந்ததென்றால், இப்படி மென்று தின்ற பாலூட்டிகள் நினைத்ததைவிடப் பல லட்சம் வருடம் முன்பே தோன்றிவிட்டன என்றாகும். ஆய்வகத்தின் ஆராய்ச்சியாளர் சில வாரங்களில் கட்டுரையையே எழுதி முடித்துவிட்டார். பதிவேட்டில் பல்லக்கா "கீழ் அடுக்கு" என்று எழுதுவதுதான் பாக்கி.

எப்படி எழுதுவாள்? தோண்டப் போன மாணவர்கள் மேல் அடுக்கு மண்ணை ஒரு பையிலும் கீழ் அடுக்கு மண்ணை இன்னொன்றிலும் கட்டி, அடுக்கின் எண்ணைப் பைகளின்மேல் பேனாவால் எழுதியிருந்தார்கள். தண்ணீரில் அழியாதபடி பென்சிலால் எழுதி உள்ளே போடவேண்டிய சீட்டைப் போடவில்லை. சலிப்பதற்காக இரண்டு பைகளையும் அப்படியே ஊறப்போட்டதில் எண்கள் தண்ணீரோடு போயின. எது மேல், எது கீழ் என்று இனி அந்தப் பைகளுக்கே தெரியாது.

"பென்சில், பென்சில்னு தலையால அடிச்சுக்கிட்டேன் சார். வருஷா வருஷம் இதே பாட்டு."

"அக்கா, மண்ணோட நிறத்தைப் பாருங்க. கீழ் அடுக்குதான்."

"ஊறின மண்ணு எல்லாம் ஒரே நிறம்தான். என்னை ஊறப்போட்டாலும் அப்படித்தான் இருப்பேன்."

"தொண்ணூறு சதவீதம் நிச்சயம்க்கா."

"அப்ப பதிவேட்டுல தொண்ணூறு சதவீதம்னு ஒரு கட்டம் போட்டுக் குடுங்க, எழுதுறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானே எழுதிக்கவா?"

"எழுதுங்க. பொறுக்கினவங்க கையெழுத்துன்னு பக்கத்துல ஒண்ணு இருக்கு. அதையும் நீங்களே போட்டுக்குங்க."

அவர் பேனாவைத் தொடவில்லை. பல்லக்காதான் பதிவேட்டை இழுத்து, "அடுக்கு தெரியவில்லை" என்று தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள். கட்டுரை அதோடு நின்றது.

வீட்டில் கணவர் கேட்டார்: "ஒரு பல்லுக்காகவா அந்த மனுஷன்கிட்ட மல்லுக்கு நின்ன?"

"பல்லுக்காக யாரு நின்னா? ஒரு பென்சிலுக்கு வக்கில்லையேன்னுதான்."

இரண்டு வருடம் கழித்து, வேறு யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது: நின்றுபோன அந்தக் கட்டுரையில் அந்தப் பிராணிக்கு ஆராய்ச்சியாளர் சூட்டியிருந்தது அவளுடைய பெயரை. பதிவேட்டில் எழுதிய அன்றும் அதை அவளிடம் அவர் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.